எந்த க்ரூஸ் கப்பலில் சாப்பாடு நல்லது?

கேள்வி இதுதான்: கணவன், மனைவி, பத்து வயதுப் பையன் என்று மூன்று பேர் முதல்முறையாக ஏழு இரவு க்ரூஸ் போக நினைக்கிறார்கள். கார்னிவல், ராயல் கரீபியன், செலிபிரிட்டி, ஓஷியானியா என்று போகப் போக டிக்கெட் விலை ஏறுகிறது. விலையோடு சாப்பாடும் ஏறுமா, எந்த நிறுவனத்தில் உண்மையிலேயே நன்றாகச் சமைக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டிலேயே அடங்கிய சாப்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், கொடுக்கிற காசுக்கு ஓஷியானியாதான் முதலில் நிற்கிறது. அதைவிடக் குறைந்த விலையில் வர்ஜின் வாயேஜஸ் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகச் செய்கிறது. வைக்கிங்கின் கடல் கப்பல்களும் இந்த வரிசையில் வரும். பெரிய கப்பல் நிறுவனங்களில் செலிபிரிட்டியும் ஹாலந்து அமெரிக்காவும் மற்றவற்றைவிட ஒரு படி மேல். கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன், எம்எஸ்சி ஆகிய நான்கிலும் நன்றாகச் சாப்பிட வழி இருக்கிறது. எங்கே உட்கார்ந்து எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வரிசையைப் பார்த்து மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒரே கப்பலில் இருக்கும் இரண்டு உணவகங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், பல சமயம் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே உள்ளதைவிடப் பெரியது. அது ஏன் என்று புரிந்துகொண்டால் எந்தக் கப்பலையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. முழுக்க நிரம்பினால் அதில் 7,600 பயணிகள், 2,350 பணியாளர்கள். ஓஷியானியாவின் விஸ்டாவில் பயணிகள் சுமார் 1,200 பேர்தான். பெரிய கப்பலின் மெயின் டைனிங் ரூமில், அதாவது டிக்கெட்டில் அடங்கிய பொது உணவுக்கூடத்தில், மாலையில் ஒரு பந்தி, அது முடிந்ததும் இன்னொரு பந்தி என்று ஆயிரக்கணக்கானவர்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். நீங்கள் ஸ்டேக் கேட்ட பிறகு அதை எடுத்து அடுப்பில் வைக்க அங்கே நேரமே கிடையாது. முன்கூட்டியே மேற்பக்கம் சிவக்கச் சுட்டு, தட்டில் அடுக்கி, சூடு குறையாத பெட்டியில் வைத்திருப்பார்கள். பரிமாறும் நேரத்தில் சாஸ் ஊற்றி அனுப்புவார்கள். இறைச்சியின் நடுப்பகுதி சாம்பல் நிறமாகிப்போவதும், மீன் துண்டு உலர்ந்து வருவதும் இதனால்தான். சமையல்காரரின் கைத்திறனில் குறை இல்லை. தட்டு காத்திருக்கும் நிமிடங்களே ருசியைக் கெடுக்கின்றன.

இதையே திருப்பிப் பார்த்தால், பெரிய கப்பலில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். காத்திருந்தாலும் கெடாத பண்டங்களைக் கேளுங்கள். சூப், மெதுவாகப் பல மணி நேரம் வேகவைத்த மாட்டிறைச்சி, ஆட்டுக்கால், பருப்பும் காய்கறியும் சேர்ந்த குழம்பு வகைகள், அடுக்கிச் சுட்ட லசான்யா போன்றவை ஆயிரம் பேருக்குச் செய்தாலும் ருசியாகவே வரும். குளிர்ந்த முன்பண்டங்களும் அப்படித்தான். ரொட்டியை எல்லாக் கப்பலிலும் நம்பிச் சாப்பிடலாம், ஏனென்றால் அதை ராத்திரியெல்லாம் கப்பலிலேயே சுடுகிறார்கள். கொஞ்சம் சூடு ஆறினாலே சுவை போகிற மீன் ஃபில்லட், ரிசோட்டோ, நடுத்தரப் பதத்தில் கேட்கும் ஸ்டேக் ஆகியவற்றைச் சிறிய உணவகத்துக்கு ஒதுக்கிவையுங்கள். பெரிய கப்பல்களைப் பற்றி நான் சொல்லக்கூடியதில் மிகவும் பயன்படுவது இந்த ஒன்றுதான்.

கடலில் சமைப்பதற்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. தீ விபத்துப் பயத்தால் பெரும்பாலான கப்பல் சமையலறைகளில் எரிவாயு அடுப்பே இருக்காது. எல்லாம் மின்சாரம், இண்டக்ஷன். அதனால் கொழுந்துவிட்டெரியும் தீயில் வாணலியைச் சுழற்றிச் சமைக்கும் பண்டங்களில் அந்தப் புகைமணத்தை எதிர்பார்க்க வேண்டாம். சரக்கு ஏறுவது பெரும்பாலும் பயணம் தொடங்கும் துறைமுகத்தில், வாரத்துக்கு ஒருமுறை. நடுவில் வரும் துறைமுகங்களில் பெரிய கப்பல்கள் அதிகம் வாங்குவதில்லை. எத்தனையோ டன் மீனை ஒரு சிறிய ஊரின் சந்தையில் போய் எப்படி வாங்குவது? அதனால் மீன் பெரும்பாலும் உறையவைத்தது. அதில் தப்பில்லை, நன்றாக உறையவைத்த மீன் மோசமான ‘புதிய’ மீனைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஐந்தாம் ஆறாம் நாளில் சாலட் இலைகள் வாடுவதும், பெர்ரிப் பழங்கள் காணாமல் போய் முலாம்பழம் அதிகமாவதும் இதன் விளைவுதான். ஏழு இரவில் அட்லாண்டிக்கைக் கடக்கும் குயின் மேரி 2 போன்ற பயணங்களில் நடுவே ஒரு துறைமுகமும் கிடையாது. சமையல்காரர்கள் எல்லாவற்றையும் முதல் நாளே கணக்குப் போட்டாக வேண்டும்.

நார்வேயின் ஹர்டிக்ரூட்டன் கப்பல்கள் இதற்கு நேர்மாறு. பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று நின்று போகும் வழி அது. கரையோரத்துப் பண்ணைகளிலும் மீனவர்களிடமும் வாங்கி அன்றன்றைக்குச் சமைக்கிறார்கள். பட்டியல் சிறியது, ஆடம்பரம் கிடையாது, ஆனால் கப்பல் எந்தக் கரையோரம் போகிறதோ அந்தக் கரையின் ருசி தட்டில் இருக்கும். உணவுக்காகக் கப்பல் தேடுகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி நிறுவனங்கள். கார்னிவலைக் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011-லிருந்து அதன் கப்பல்களில் வந்த கைஸ் பர்கர் ஜாயின்ட், புளூ இகுவானா என்ற மெக்சிகன் கடை இரண்டும் டிக்கெட்டிலேயே சேர்ந்தவை. இரண்டிலும் கண்முன்னே செய்து கொடுக்கிறார்கள். பெரிய கப்பல்களில் மதியச் சாப்பாட்டுக்கு இதைவிடத் திருப்தியான இடங்கள் குறைவு. இரவுச் சாப்பாட்டில் எளிமையான பண்டங்களைக் கேட்டால் கார்னிவல் ஏமாற்றாது. முன்பெல்லாம் மெயின் டைனிங் ரூமில் எத்தனை தட்டு வேண்டுமானாலும் கேட்கலாம்; இப்போது மூன்றாவது முதன்மைப் பண்டத்திலிருந்து தனிக் கட்டணம்.

ராயல் கரீபியன் 2023-ஐ ஒட்டி மெயின் டைனிங் ரூம் பட்டியலை மாற்றியது. ஒவ்வொரு இரவுக்கும் இத்தாலி, பிரான்ஸ் என்று ஒரு கருப்பொருள் வைத்து, தினமும் கிடைக்கும் பண்டங்களைக் குறைத்தது. சமையலறைக்கு இது லாபம், ஒரே மாதிரிப் பண்டத்தில் கவனம் குவியும். சாப்பிடுகிறவருக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. அன்றைய கருப்பொருள் பிடிக்காவிட்டால் தட்டில் தேர்வு சுருங்கிவிடுகிறது. இங்கே நல்ல சாப்பாடு இருப்பது டிக்கெட்டுக்கு மேல் தனியாகக் காசு வாங்கும் கட்டண உணவகங்களில்: ஸ்டேக்குக்கு சாப்ஸ் கிரில், ஜப்பானிய உணவுக்கு இசுமி. புதிய பெரிய கப்பல்களில் கட்டணமில்லாத சின்னச் சின்னக் கடைகள் நிறைய இருப்பதால் பஃபே பக்கம் போகாமலே மதியத்தை ஓட்டிவிடலாம்.

நார்வீஜியன்தான் 2000-த்தில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று சொல்லி, குறித்த நேரம், குறித்த மேசை என்ற வழக்கத்தை உடைத்தது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான். உணவகங்கள் ஏராளம், ஆனால் சமையலில் உள்ள அக்கறை கட்டண உணவகங்களின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2022-ல் வந்த பிரைமா கப்பலில் இருக்கும் இண்டல்ஜ் ஃபுட் ஹால் இதற்கு நல்ல விதிவிலக்கு. பல கடைகள் ஒரே கூடத்தில், மேசையிலுள்ள திரையில் கேட்டால் சிறு சிறு தட்டாகச் செய்து கொண்டுவருகிறார்கள், தனிக் கட்டணமும் கிடையாது. எம்எஸ்சியைப் பற்றி ஒரே வரி போதும்: பீட்சாவும் பாஸ்தாவும் போட்டியாளர்களைவிட நன்றாக இருக்கும், காலையுணவு சாதாரணம்.

டிஸ்னியில் ஒவ்வொரு இரவும் ஒரு உணவகம் என்று மாற்றி மாற்றி உட்காரவைக்கிறார்கள். பரிமாறுகிறவர்களும் உங்களோடு கூடவே வருகிறார்கள். இரண்டாம் நாளே உங்கள் பையனுக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டின் தரம் செலிபிரிட்டிக்குச் சற்றுக் கீழேதான், விலையோ மேலே. ஆனால் குழந்தையோடு சாப்பிடும் அனுபவத்தில் இதை மிஞ்ச யாருமில்லை.

செலிபிரிட்டியின் எட்ஜ் வகைக் கப்பல்கள் 2018-லிருந்து ஓடுகின்றன. அவற்றில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். ஒரே பெரிய கூடத்துக்குப் பதிலாக நார்மண்டி, டஸ்கன், சைப்ரஸ், காஸ்மோபாலிட்டன் என்று நான்கு நடுத்தர உணவகங்களாகப் பிரித்தார்கள். எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். கூட்டம் நான்காகப் பிரியும்போது தட்டு காத்திருக்கும் நேரமும் குறைகிறது, பெரிய கப்பல்களில் இதன் இரவுச் சாப்பாடு தனித்துத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதே கப்பலில் சூட் அறைக்காரர்களுக்கு மட்டும் லுமினே, அக்வா வகுப்பு என்ற அறை வகையில் இருப்பவர்களுக்கு புளூ என்று தனி உணவகங்களும் உண்டு. குயின் மேரி 2-ஐ ஓட்டும் குனார்ட் நிறுவனம் இந்தப் பழக்கத்தில் இன்னும் பழையது: அறையின் விலையைப் பொறுத்து பிரிட்டானியா, பிரின்சஸ் கிரில், குயின்ஸ் கிரில் என்று சாப்பிடும் இடமே மாறும். ஆகவே ‘அந்தக் கப்பலில் சாப்பாடு பிரமாதம்’ என்று ஒருவர் சொன்னால், எந்த அறையில் இருந்தீர்கள் என்று அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

ஹாலந்து அமெரிக்காவிடம் நான் மதிப்பது மீன். துறைமுகங்களில் அங்கங்கே மீன் வாங்கி 48 மணி நேரத்துக்குள் தட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நடுத்தர அளவுக் கப்பல்கள் என்பதால் அதைச் செய்யவும் முடிகிறது. கடலுணவு பிடித்தவர்கள், குறிப்பாக அலாஸ்கா போகிறவர்கள், பிரின்சஸ் என்ற நிறுவனத்தையும் இதையும் ஒப்பிட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வர்ஜின் வாயேஜஸ் 2021-ல் ஸ்கார்லெட் லேடியோடு பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது பஃபேயையும் மெயின் டைனிங் ரூமையும் ஒரேயடியாக எடுத்துவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை ஒரே கூடத்தில் கொட்டாமல், கொரிய கிரில், மெக்சிகன், இத்தாலியன், ஸ்டேக் என்று சின்ன உணவகங்களில் பரப்பிவிடுகிறார்கள். எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்த்தி. கேட்ட பிறகு சமைக்கிறார்கள் என்பது முதல் வாயிலேயே தெரியும். கப்பல் பெரிதாக இருந்தாலும் சமையலறையைச் சிறிதாக்க முடியும் என்று காட்டிய நிறுவனம் இது. இந்த வழியில் மற்றவர்களும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வைக்கிங்கின் கடல் கப்பல்களில் பயணிகள் ஆயிரத்துக்கும் குறைவுதான். மான்ஃப்ரெடிஸ் என்ற இத்தாலிய உணவகம், பல சுற்றாகப் பரிமாறும் செஃப்ஸ் டேபிள், இரண்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் வர்ஜினும் வைக்கிங்கும் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை, அதனால் உங்கள் பட்டியலிலிருந்து இரண்டுமே போய்விடுகின்றன.

ஓஷியானியாவுக்கு வருவோம். 2002-ல் தொடங்கிய நிறுவனம். சாப்பாட்டுக்காகவே வாருங்கள் என்று சொல்லி வளர்ந்தது. பிரெஞ்சு சமையல் வல்லுநர் ஜாக் பெபான் நீண்ட காலம் அதன் சமையலுக்குத் தலைமை வகித்தவர். ரெட் ஜிஞ்சர் (ஆசிய உணவு), போலோ கிரில் (ஸ்டேக்), டோஸ்கானா (இத்தாலியன்) ஆகியவற்றுக்கு மேற்கொண்டு காசு கேட்பதில்லை. ஆனால் இதன் தரத்தை நான் அளப்பது அந்த உணவகங்களில் இல்லை. மதியத்து டெரஸ் கஃபே, காலையில் வரும் குரோசான், பொது உணவகத்தில் செவ்வாய்க்கிழமை இரவு வரும் சாதாரண மீன் இவற்றில்தான் அளக்கிறேன். விழா நாளில் நன்றாகச் சமைக்க எல்லாக் கப்பலுக்கும் தெரியும். விசேஷம் எதுவுமில்லாத நாளில், கட்டணமில்லாத மேசையில் வரும் தட்டுதான் நிறுவனத்தின் உண்மையான தரம். மரினா, ரிவியேரா போன்ற கப்பல்களில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துச் சமையல் வகுப்பும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், ஆனால் சமையலில் ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக் கூடாதது.

இதற்கும் மேலே ரீஜன்ட், சில்வர்சீ, சீபோர்ன், போனான், கிரிஸ்டல் என்ற ஆடம்பர நிறுவனங்கள். இங்கேதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதிக்குப் பதில் இருக்கிறது. நாலாயிரம் பேர் கப்பலிலிருந்து ஆயிரம் பேர் கப்பலுக்கு மாறும்போது தட்டில் பெரிய மாற்றம் தெரியும். ஆயிரத்திலிருந்து ஐந்நூறு, அறுநூறுக்கு இறங்கும்போது தட்டில் தெரியும் மாற்றம் சிறியது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் மதுவுக்கும், விசாலமான அறைக்கும், கேட்காமலே செய்து வைக்கும் பணிவிடைக்கும் போகிறது. சீபோர்னில் எப்போது வேண்டுமானாலும் காவியார் (உப்பிட்ட மீன் முட்டை) கேட்கலாம், கட்டணமில்லை. அது பெரிய சந்தோஷம்தான், ஆனால் அதற்காக இரண்டு மடங்கு கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சில்வர்சீயின் சால்ட் திட்டம். சில்வர் மூன் கப்பலில் தொடங்கியது; கப்பல் போகும் ஊர்களின் உணவையே சமைத்து, அந்த ஊர்க்காரர்களின் சமையலை நேரில் பார்க்கவும் அழைத்துப்போகிறார்கள். உலகமெங்கும் ஒரே ஸ்டேக், ஒரே இறால் காக்டெய்ல் என்ற சலிப்புக்கு அது நல்ல மருந்து.

பெரிய சமையல் கலைஞர்களின் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். செலிபிரிட்டி பியாண்ட் கப்பலில் 2022-ல் வந்த லே வாயேஜ், டேனியல் பூலூ தன் பெயரிலேயே நடத்தும் சிறிய கட்டண உணவகம். அங்கே அவர் பெயருக்கு அர்த்தம் உண்டு. போனானின் லெ கமாண்டன்ட் ஷார்கோ கப்பலில் அலான் டுகாஸின் நுனா உணவகமும் அப்படியே. ஆனால் ஒரு பெயர் கப்பல் முழுக்க ஒட்டியிருந்தால், பல சமயம் பட்டியலில் இரண்டு பண்டம் அவருடைய செய்முறை, அவ்வளவே. ஒப்பந்தங்களும் நிலையானவை அல்ல. சீபோர்னில் பல ஆண்டுகள் இருந்த தாமஸ் கெல்லரின் கூட்டு 2024-ல் முடிந்தது. அதை நம்பி எழுதிய பழைய விமர்சனங்கள் எல்லாம் இன்றைக்குச் செல்லாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய எந்த உணவு விமர்சனத்தையும் நான் ஓரமாக வைத்துவிடுவேன்.

பஃபேயைப் பற்றி ஒன்று. நேரம்தான் அங்கே எல்லாம். திறந்த அரை மணி நேரத்துக்குள் போனால் எந்தக் கப்பல் பஃபேயும் நன்றாகவே இருக்கும்; கூட்டம் வடிந்த பிறகு போனால் எந்தக் கப்பலிலும் சுமார்தான். கடலிலேயே கழியும் நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பஃபேயில் இடம் தேடுவதைவிட மெயின் டைனிங் ரூமில் போய் உட்காருங்கள், முட்டையை உடைத்துச் சுடச்சுடச் செய்து கொடுப்பார்கள். பஃபே ஸ்கிராம்பிள்டு முட்டை பெரும்பாலும் பதப்படுத்திய திரவ முட்டையில் செய்தது.

சுத்தம் வேறு, ருசி வேறு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. 100-க்கு 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அதில் பார்ப்பார்கள். அறிக்கைகளைப் பொதுமக்கள் யாரும் படிக்கலாம். டிக்கெட் எடுக்குமுன் அந்தக் கப்பலின் பெயரைப் போட்டு ஒருமுறை பாருங்கள். ஒரு மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சமையலறை சம்பந்தமான ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

சைவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஒரு யோசனை. பெரிய கப்பல்கள் இதில் சிறிய கப்பல்களைவிட மோசமில்லை, சில சமயம் மேலும் ஒழுங்கானவை. புறப்படும் முன்பே படிவத்தில் எழுதிக்கொடுங்கள். ஏறிய முதல் இரவே தலைமைப் பரிமாறுநரைப் பார்த்துப் பேசுங்கள். மறுநாள் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, எதை எப்படி மாற்றிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். முன்கூட்டிச் சொன்ன தட்டு கூட்டத்தோடு சேராமல் தனியாகச் சமைக்கப்படுவதால் பல சமயம் பக்கத்து மேசையில் இருப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

இனி உங்கள் மூவருக்கும் நான் சொல்வது. ஓஷியானியாவும் 2026 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவு செய்கிறவர்களில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை, அதனால் அதுவும் உங்கள் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. செலிபிரிட்டியின் எட்ஜ் வகைக் கப்பல் ஒன்றை எடுங்கள். நான்கு உணவகங்களும் சுற்றி வரும், பையனுக்கு சிறுவர் மன்றமும் உண்டு. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ராயல் கரீபியன் அல்லது கார்னிவல் டிக்கெட் எடுத்து, மிச்சமாகும் பணத்தில் இரண்டு இரவு மட்டும் கட்டண உணவகத்தில் சாப்பிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு பதிவு செய்வதைவிட முன்கூட்டியே நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் பெரும்பாலும் விலை குறைவு. ஏழு இரவுக்கும் சேர்த்து விற்கும் டைனிங் பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். பையன் ஒவ்வொரு இரவும் இரண்டு மணி நேரம் மேசையில் உட்காரமாட்டான். அந்த இரண்டு இரவையும் பயணத்தின் பின்பாதியில் வையுங்கள், பொதுப் பட்டியல் அலுக்கத் தொடங்குவது அப்போதுதான்.